பதினோரு கையெழுத்து

கவர்னர் மாளிகையின் வெளிவாசலில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். அத்தனை வருஷமும் என் வேலை ஒரு புத்தகத்தைக் காவல் காப்பது. சிரிக்காதீர்கள். சிரித்தவர்கள் பலரைப் பார்த்தாயிற்று. அவர்களில் பாதிப் பேர் பிறகு அதே புத்தகத்தில் கையெழுத்துப் போட, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி என் முன்னால் நின்றிருக்கிறார்கள்.

வாசலுக்கு வலப்பக்கம் பச்சை வண்ணம் அடித்த ஒரு மரக்கூண்டு. உள்ளே ஒரு சாய்வு மேஜை. அதன் மேல் தங்கக் கிரீடம் பொறித்த கனத்த புத்தகம், மைக்கூடு, பேனா, ஒற்றுத்தாள். கப்பல் கேப்டனோ, புதுப் பாதிரியாரோ, கல்யாணமான ஜோடியோ, கவர்னருக்கு மரியாதை தெரிவிக்க நினைத்தால் அங்கே வந்து தேதியையும் பெயரையும் எழுதிவிட்டுப் போகலாம். மாளிகைக்குள் நுழைய வேண்டியதில்லை. எழுத வந்தவரிடம் ஏன் வந்தாய் என்று நான் கேட்கக் கூடாது. எழுதிவிட்டுப் போனவரைப் பற்றி மூச்சு விடக் கூடாது. இந்த இரண்டு விதியையும் என்னைவிடக் கறாராகக் காப்பாற்றியவள் இந்தக் கரீபியக் கடலிலேயே கிடையாது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் என்னைக் கவிழ்த்தது.

மாளிகைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்தப் புத்தகம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தேவைப்பட்டது. ஜூன் மாதம் ராணியின் பிறந்தநாள் விருந்துக்கு யார் யாருக்கு அழைப்பு அட்டை அனுப்புவது என்று பார்ப்பார்கள். அதோடு சரி. எங்கள் ஜனங்களுக்கு அப்படியில்லை. எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கவர்னர் தினமும் காலைச் சாப்பாட்டின்போது புத்தகத்தை வரவழைத்துப் பெயர்களைச் சத்தமாகப் படிப்பாராம். படித்த பெயருக்கு உரியவரைக் கூப்பிட்டு, என்ன குறை என்று விசாரிப்பாராம். அந்த மனிதர் மஞ்சள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை. ‘புத்தகத்துல பேரு போட்டாச்சு’ என்றால் முறையிட்டாயிற்று, இனி கவர்னர் பாடு என்று எங்கள் தீவில் அர்த்தம். உள்ளே யாரும் எதையும் படிப்பதில்லை என்று தெரிந்த ஒரே தீவுக்காரி நான். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் கூண்டுக்கு என்ன மதிப்பு?

சர் ஆஸ்மண்ட் ரெயின்ஃபோர்ட் வந்தது அறுபத்தொன்பதில். வயது ஐம்பத்தெட்டு, நெட்டை உருவம், கூட மனைவி இல்லை. மனைவி லண்டனில் இன்னொருவரோடு இருப்பதாகச் சமையற்காரி சொன்னாள். சமையற்காரி சொல்வதில் முக்கால்வாசி உண்மையாக இருக்கும். வாலிபத்தில் ஆப்பிரிக்காவில் ஜில்லா அதிகாரி. பிறகு தூதரக உத்தியோகத்தில் பெய்ரூட், லிமா, ரங்கூன் என்று ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார். எங்காவது கலகம் என்றால் அவரை அனுப்புவார்களாம். கலகம் அடங்கியதும் பெரிய பதவி வேறு யாருக்காவது போய்விடுமாம். கடைசியில் ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு ‘சர்’ பட்டத்தையும் எங்கள் தீவையும் சேர்த்துக் கையில் கொடுத்தார்கள். அன்னத்தின் இறகு குத்திய தொப்பியோடு அவர் துறைமுகத்தில் இறங்கிய அன்று மழைச்சாரல். இறகெல்லாம் ஒரு பக்கமாகப் படிந்துவிட்டது. ‘ஐயோ பாவம், கோழி நனைஞ்சிருச்சு’ என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். அவர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவரை அன்றைக்கே பிடித்துவிட்டது.

அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. பின்னாலிருந்து யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. மாளிகை ஆட்கள் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றுதான் பேச வேண்டும். எங்களுக்கு அது விசித்திரமாகவே படவில்லை. பின்னாலிருந்து ஒற்றைக் குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது, பதில் பேசக் கூடாது, அது செத்தவர்கள் வேலை என்று எங்கள் தீவில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். “இவருக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்!” என்று வாசல் போலீஸ்காரன் ஐவர் அதிசயப்பட்டான்.

காரணத்தை அவரே எனக்குச் சொன்னார். தினமும் காலை பத்தரைக்குத் தோட்டத்தைச் சுற்றிவிட்டு என் கூண்டின் நிழலில் வந்து நிற்பது அவர் பழக்கம்.

“மிஸ் ஹாட்ஜ், எனக்கு இருபத்தாறு வயசு இருக்கறப்ப ஒருத்தனைத் தூக்குல போடறதை முன்னால நின்னு நடத்தி வெக்கச் சொன்னாங்க. ஆப்பிரிக்காவுல. அவனைக் கூட்டிட்டு வர்றாங்க, நான் முன்னால நடக்கறேன். பின்னாலேர்ந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். நான் திரும்பலை.”

“என்ன கேக்கறதுக்குக் கூப்பிட்டான் சார்?”

“அதுதான் தெரியலை. முப்பத்திரண்டு வருஷமாத் தெரியலை” என்றார்.

நட்ட நடுக் காலையில், வெயில் கொளுத்தும்போது, அவர் தோளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். ஐவர்தான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஜனவரியில், கெல்வர்ட் டெவனிஷ் என்ற இருபத்து மூன்று வயது மீன்பிடிக்காரன், ரம் கடையில் ஒரு போலீஸ் கார்ப்பரலை மீன் அறுக்கும் கத்தியால் குத்திவிட்டான். கார்ப்பரல் அன்று லீவில் இருந்தார், குடித்திருந்தார், கெல்வர்ட்டின் அம்மாவைப் பற்றி அசிங்கமாக ஏதோ சொன்னார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. வெளித்தீவிலிருந்து வந்த நீதிபதி தூக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சாயங்கால விமானத்தில் ஏறிவிட்டார். வெள்ளைக்காரர்கள் தங்கள் நாட்டில் கொலைக்குத் தூக்கு வேண்டாம் என்று எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்கு மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், எத்தனை பெரிய மனசு பாருங்கள்.

கவர்னர் என்றால் எல்லாம் அவர் கையில் என்று நினைப்பீர்கள். ஒன்றும் கிடையாது. பூக்கண்காட்சியைத் திறப்பார், லண்டனில் எழுதிக் கொடுத்ததைச் சட்டசபையில் படிப்பார். உண்மையிலேயே அவர் கையில் இருந்தது ஒரே ஒரு அதிகாரம். தூக்குக் கைதிக்கு மன்னிப்பு. ஒரு கமிட்டி கூடி யோசனை சொல்லும், முடிவு அவருடையது. கெல்வர்ட் உயிர் பிழைப்பது இந்த ஒரு மனிதருடைய பேனாவில் இருந்தது.

கெல்வர்ட்டின் அம்மா மிஸ் ஆட்லின் ரோம்னி. கிழக்குக் கரையில் பெலிக்கன் ராக்கில் மரவள்ளி ரொட்டி சுட்டு விற்பவள். எங்களில் பலரையும் போல, பிள்ளைக்கு அப்பன் பெயர், அம்மாவுக்கு அவள் வீட்டுப் பெயர். அப்பன் அரூபாத் தீவில் பெட்ரோல் ஆலை வேலைக்குப் போனவன் போனவன்தான். ரோம்னி யார், டெவனிஷ் யார் என்று தீவில் எல்லோருக்கும் தெரியும், மாளிகைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தெரியாது. கெல்வர்ட்டுக்காக வெளித்தீவு வக்கீல் மூன்று பக்கம் மனு எழுதினார். அதில் சட்டம் இருந்தது, அம்மா இல்லை.

ஏப்ரல் மாதம் ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்கு, மிஸ் ஆட்லின் என் கூண்டுக்கு வந்தாள். தேவாலயத்துக்குப் போகும் நீலத் தொப்பி, வெள்ளைக் கையுறை. வலது கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்தாள். மாளிகைக்குத்தான் நான் மிஸ் ஹாட்ஜ், ஊருக்கு மிஸ் வெர்னீஸ்.

“மிஸ் வெர்னீஸ், பேரு மட்டும் எழுதினாப் போதுங்களா? என்ன விஷயம்னும் எழுதணுமா?”

“பேரும் தேதியும் மட்டுந்தான் மிஸ் ஆட்லின்.”

“அவருக்குப் புரியுமில்ல?”

நான் ஒற்றுத்தாளை எடுத்து அவள் கையெழுத்தின் மேல் வைத்து அழுத்தினேன். “மை காயட்டும்” என்றேன். அதுதான் என் பதில்.

செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதன்கிழமையும். பெலிக்கன் ராக்கிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஐவருக்கு வாய் சும்மா இருக்காது.

“என்னா மிஸ் ஆட்லின், தெனமும் தொப்பியும் கையுறையுமா வர்றீங்க? கவர்னரைக் கட்டிக்கப் போறீங்களா?”

“அந்த வெறகுக் கட்டையையா? எங்கிட்ட அடுப்புக்கு வேற வெறகு இருக்குடா, போடா!” என்று சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஐவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சனிக்கிழமை ஆறாவது கையெழுத்து. அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இங்கே எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை அம்மா, உள்ளே போய் கவர்னரைப் பார்க்க வேண்டும் என்று அழு, சண்டை போடு, அவருடைய செயலர் பெல்லமியின் காலைப் பிடி. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முந்திக்கொண்டாள். “உங்க கையால இந்தப் புத்தகத்தை அவர்கிட்ட குடுக்கறீங்களே, உங்க கைக்கு மோதிரம் போடணும்” என்றாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பத்தாவது கையெழுத்து. அவள் பத்தேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பத்தரைக்குக் கவர்னர் வந்தார். முகம் செத்துக் கிடந்தது. தினமும் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, ‘இன்னிக்கு யாராவது வந்தாங்களா மிஸ் ஹாட்ஜ்?’ என்று. சும்மா மரியாதைக்குக் கேட்பது. நானும் மரியாதைக்கு ஏதாவது சொல்லுவேன். அன்றைக்கும் அதையே கேட்டார். கேட்டுவிட்டு நகரவில்லை. மூடியிருந்த புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டார்.

“யாராவது?”

“வழக்கமா வர்றவங்கதான் சார்” என்றேன்.

பத்து நாள் வந்தவள் வழக்கமானவள்தானே! பொய் சொல்லவில்லையே! எழுதியவரைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது விதி. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடிமனசில் இருந்தது வேறு. யார் அது என்று அவர் கேட்பார், பத்து நாளாக ஏன் எனக்குத் தெரியவில்லை என்று பெல்லமியைக் கேட்பார், இந்தப் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்பது தீவு முழுக்க நாறிப்போகும். ஒரு பையனுடைய கழுத்தைவிட என் கூண்டு எனக்குப் பெரிதாக இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, மெதுவாக மேலே நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோராவது கையெழுத்து. சாயங்காலம் ரேடியோவில் சொன்னார்கள். மன்னிப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குச் சிறைச்சாலை மணி அடித்தது. எங்கள் ஊர் சின்ன ஊர், அது எல்லார் வீட்டுக்குள்ளும் கேட்கும். கவர்னர் தோட்டத்தின் நடுவில் நின்றிருந்தார். மணி நின்றதும் திடுக்கென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை, செம்பருத்தி வேலிதான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திரும்பினார். நான் கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே மாதம் விருந்துக்கான வேலை தொடங்கியது. பெல்லமி புத்தகத்திலிருந்து பட்டியல் எடுத்துக் கொடுத்தார். உறைகளில் முகவரி எழுதுவது நான், என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால். பட்டியலில் ‘மிஸ் ஏ. ரோம்னி, பெலிக்கன் ராக்’ என்று இருந்தது.

“இந்தம்மா பதினோரு தடவை போட்டிருக்காங்க” என்று பெல்லமி சிரித்தார். “விருந்துன்னா அவ்வளவு ஆசை போல. பாவம், ஒரு கார்டு போதும்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் என் வாயை அடைக்கவில்லை. வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு உறையில் எழுதி ஒட்டிப் போட்டேன்.

வந்தாள். ஜூன் இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. புல்வெளியில் வெள்ளைக் கூடாரம், போலீஸ் பேண்டு, தட்டுத் தட்டாகக் கேக். கவர்னர் இறகுத் தொப்பியோடு நின்று வரிசையில் வருகிறவர்களுக்குக் கை கொடுத்தார். பக்கத்தில் நின்று அட்டையை வாங்கிப் பெயரைச் சொல்வது என் வேலை. வரிசையில் நீலத் தொப்பி தெரிந்ததும் எங்கள் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவளுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். பேண்டு மட்டும் விவரம் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

“மிஸ் ஆட்லின் ரோம்னி” என்றேன்.

“வாங்க மிஸ் ரோம்னி. எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?” என்று கவர்னர் கையை நீட்டினார்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். “பெலிக்கன் ராக் சார். கெல்வர்ட் டெவனிஷோட அம்மா.”

கவர்னரின் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை. அவளும் விடவில்லை.

“உங்களைச் சங்கடப்படுத்த வரலை சார்” என்றாள் மிஸ் ஆட்லின். “பதினோரு நாளும் புத்தகத்துல என் பேரைப் படிச்சிருப்பீங்க. ஒரு தாய் கேக்கறாளேன்னு யோசிச்சிருப்பீங்க. உங்களால முடியலை, செத்தவருக்கும் ஒரு தாய் இருப்பா இல்லையா. அதுக்கப்புறமும் என்னை மறக்காமக் கூப்பிட்டு அனுப்பினீங்களே. அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் புல்லைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்கு எல்லாமே விளங்கிவிட்டது. உலகமெல்லாம் போய்ப் பேசிப் பழகிய மனிதர், பேசுவதற்காகவே சம்பளம் வாங்கியவர், நாக்கை அசைக்க அத்தனை பாடுபட்டார்.

“படிச்சேம்மா” என்றார். “பதினோரு நாளும் படிச்சேன்.”

“யோசிச்சீங்களா?”

“ஒவ்வொரு நாளும்.”

அவள் தலையை ஆட்டினாள். நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு இறங்கியது. எதையும் சாப்பிடாமல், குடிக்காமல், ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கவர்னர் என் கூண்டுக்குள்ளேயே வந்துவிட்டார். புத்தகத்தை ஏப்ரல் மாதத்துக்குத் திருப்பினார். விரலை வைத்து ஒவ்வொரு ரோம்னியாகத் தொட்டுக்கொண்டே வந்து, பத்தாவதில் நிறுத்தினார். அந்தத் தேதி அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும்தான்.

“மிஸ் ஹாட்ஜ், என் மேஜை மேல ரெண்டு தாள் இருந்தது. மன்னிப்புத் தாளும் டைப் அடிச்சு ரெடியா இருந்தது. அவனுக்குன்னு இந்தத் தீவுல ஒருத்தராவது வந்து நின்னாப் போதும், அதுல கையெழுத்துப் போட்டுருவேன்னு இருந்தேன். யாரும் வரலைன்னு கமிட்டி எழுதியிருந்தது. அதனாலதான் உங்களைக் கேட்டேன்.”

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன்.

“வேண்டாம். புத்தகம் என் கைக்கு அடியிலதானே இருந்தது. நான் திறந்து பார்த்திருக்கலாம்.” புத்தகத்தை மூடினார். “ஒண்ணு மட்டும் செய்ங்க. நான் படிச்சேன்னே அந்தம்மா நினைச்சுக்கட்டும். அவங்களுக்குக் குடுக்க எங்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். என்னிக்கும் சொல்லக் கூடாது.”

சத்தியம் செய்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் தினமும் பத்தரைக்கு வந்து புத்தகத்தைத் திறந்து பெயர்களைச் சத்தமாகப் படித்தார். படித்த பெயர்க்காரரையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரன் ஆடு தோட்டத்தை மேய்ந்துவிட்டது என்று ஜனங்கள் குறைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பழைய காலத்துக் கவர்னரே திரும்பி வந்துவிட்டார் என்று ஊரே கொண்டாடியது. நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை. கடைசிப் பெயரைப் படித்த பிறகும் அவர் விரல் வெற்றுக் கோட்டில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். தோட்டத்தில் நடக்கும்போது நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்புவார். பிறகு, “சொல்லு” என்பார். “சொல்லு, கேக்கறேன்.” யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து! சமையற்காரி பயந்துபோய் வேலையை விட்டுவிட்டாள். பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அவரை ஊருக்கு அழைத்துக்கொண்டார்கள். போகும்போது என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார்.

எனக்கும் அது தொற்றிக்கொண்டது. பத்து மணி ஆனால் போதும், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கையில் என் முதுகுக்குப் பின்னால் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்கும். நிதானமாக, எழுத்துக் கூட்டி எழுதுகிற சத்தம். திரும்பினால் பேனா மைக்கூட்டிலேயே இருக்கும். ஜெபம் பண்ணிப் பார்த்தேன், கூண்டின் நாலு மூலையிலும் உப்புப் போட்டேன். சத்தம் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர் இங்கிலாந்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. மாளிகைக் கொடியை ஒரு நாள் அரைக் கம்பத்தில் இறக்கினார்கள். அவர் புத்தகத்தைப் படிக்கவில்லை என்ற விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம், இனி நான் ஒருத்தி. அதைத் தனியாகத் தாங்க என்னால் முடியவில்லை. அவளிடம் போய்ச் சொல்லிவிட்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்று தோன்றியது. உண்மையைச் சொல்வது நல்ல காரியம்தானே என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை பெலிக்கன் ராக் பஸ்ஸில் ஏறினேன்.

மிஸ் ஆட்லின் வாசலில் இரும்புக் கல்லைப் போட்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“வாங்க வாங்க மிஸ் வெர்னீஸ்! இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே! உக்காருங்க, சூடா ஒண்ணு தர்றேன்.” ரொட்டியைப் பிய்த்து, வறுத்த மீனோடு தட்டில் வைத்தாள். “அவர் போயிட்டாராமே. ரேடியோவுல கேட்டேன். ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல அவருக்காக ஜெபம் பண்ணச் சொன்னேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க, பார்க்கட்டுமே. பிள்ளை போனப்புறம் எனக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது. அன்னிக்கு அவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ‘படிச்சேம்மா’ன்னு சொன்னார் பாருங்க, அன்னிலேர்ந்துதான் தூங்கறேன். என் பிள்ளை கேக்க நாதியில்லாமச் சாகலை. ஒரு பெரிய மனுஷன் பதினோரு நாள் அவனை நெனைச்சுப் பார்த்திருக்காரு.”

இதைக் கேட்டுவிட்டாவது நான் வாயை மூடிக்கொண்டு மீனைத் தின்றுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். சனியன், நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகத்தை யாரும் படித்ததில்லை. அவர் என்னைக் கேட்டார். வழக்கமா வர்றவங்கதான் என்று சொன்னேன். மேஜை மேல் இரண்டு தாள் இருந்தது. சொல்லச் சொல்ல என் நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது, அந்த வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் ரொட்டியைத் திருப்பும் மரக்கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் ரொட்டி கருகிப் புகைந்தது.

“விட்டிருப்பாரா?” என்றாள்.

“விட்டிருப்பார்.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?”

“ஆமாம் மிஸ் ஆட்லின்.”

அவள் வெகுநேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பியபோது அவள் முகம் சிறைச்சாலை மணி அடித்த அன்றைக்கு இருந்திருக்க வேண்டிய முகமாக இருந்தது.

“அந்த மனுஷன் சாகற வரைக்கும் இதை எங்கிட்ட சொல்லாம வெச்சுக்கிட்டாரே” என்றாள். “உன்னால ஏன் முடியலை, வெர்னீஸ்?”